கேட்காமல் அறுத்த கிடா

வெள்ளையம்மாள் ஜெபவீட்டுச் சுவருக்குப் பின்னால் குனிந்து நின்று தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தாள். வாந்தி வரவில்லை, வெறும் ஓங்கரிப்புதான் வந்தது. நான் ஒரு செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் போனேன். முதுகைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டியபோது, தலையை நிமிர்த்தாமலே, "தொடாதீக தாயி" என்றாள்.

சுவருக்கு அந்தப்புறம் பந்தல். அறுப்புப் பண்டிகைக்காகச் சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனம் நடந்துகொண்டிருந்தது. கறிக்குழம்பின் மணமும் சூடு பட்டு வதங்கிய வாழை இலையின் மணமும் கலந்து வந்தன. யாரோ தாளம் தட்டிக் கீர்த்தனை எடுத்தார்கள்.

சற்று முன்புதான் சபையை நடத்தும் எங்கள் உபதேசியார் பந்தி நடுவில் எழுந்து, கையைத் தட்டிப் பேச்சை நிறுத்தினார். முகத்தில் கல்யாணக் களை. வெள்ளையம்மாளை ஞானஸ்நானப் பெயரால் அழைத்தார்.

"சாராளம்மா, இப்ப நீங்க சாப்பிட்டது எந்த ஆட்டுக் கறி தெரியுமா? உங்க கிடாதான். கருப்பனுக்குன்னு நேந்து விட்டீகளே, அதே கிடா. வயித்துக்குள்ள போயாச்சு. கருப்பன் எங்க? வரச் சொல்லுங்க, பாப்போம்."

பந்தி சிரித்தது. சிலர் இலையிலிருந்து எலும்பை எடுத்துக் காட்டிச் சிரித்தார்கள். வெள்ளையம்மாள் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தாள். இலையை மூடினாள். எழுந்து போனாள். அவளுடைய மகள் பேச்சி மட்டும், நடந்தது என்ன என்று புரியாமல், குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

இந்தத் தொடரை இதுவரை அமைதியாகவே எழுதி வந்திருக்கிறேன். மருந்துச்சாலை, தராசு, புட்டிகள், காய்ச்சல் வகைகள் என்று வரிசை தவறாமல் வந்தேன். இந்த வாரம் அப்படி முடியவில்லை. எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது.

கிடா வந்த விதம்

மலைக்கு மேலே ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கம்பம் பள்ளத்தாக்கில் கூலிக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. மேலே போனவர்கள் காய்ச்சலோடு இறங்கினார்கள். சிலர் இறங்கவே இல்லை. வெள்ளையம்மாளின் புருஷன் இறங்காதவர்களில் ஒருவர். சுண்ணாம்பு சுமந்த இடத்திலேயே புதைத்துவிட்டார்கள்.

அவளும் மகளும் கூடலூர் வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது பேச்சிக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டும் குளிர், அப்புறம் கொதிப்பு, அப்புறம் பாய் நனையும் வேர்வை. விலாவுக்குக் கீழே கட்டி. எங்கள் மருந்துச்சாலை இருப்பது அப்போது வெள்ளையம்மாளுக்குத் தெரியாது. தெரிந்தது கருப்பன் கோயில்தான். பிள்ளை பிழைத்தால் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்து, ஒரு கறுப்புக் குட்டியைக் காதில் கீறி ஊரில் மேய விட்டாள்.

அப்படி விட்ட ஆட்டை ஊரில் யாரும் கட்ட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள். எவர் கொல்லையில் மேய்ந்தாலும் அது சாமி ஆடு.

பிறகு யாரோ சொல்லி அவள் என்னிடம் வந்தாள். மதுரையில் மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் படித்துவிட்டு நான் அந்த ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கொயினா கலந்து கொடுத்தேன். காய்ச்சல் விட்டது. ஆனால் அந்தக் காய்ச்சல் மழைக்காலத்தில் திரும்பும் குணமுடையது. ஆகவே மழை தொடங்கினால் தினமும் வந்து ஒரு வேளை மருந்து குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தவறாமல் வந்தார்கள். அப்படி வந்து போனதில்தான் வெள்ளையம்மாள் ஜெபவீட்டுக்குள்ளும் வந்தாள். நிதானமாகக் கேட்டு, யோசித்து, ஞானஸ்நானம் பெற்றாள். அவளுக்குச் சாராள் என்றும் பேச்சிக்கு ரூத் என்றும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பதில்லை.

கிடா மட்டும் மிச்சம் நின்றது. கொம்பு முளைத்து, தாடி வைத்து, தெருவுக்கே பெரிய மனுஷன் மாதிரி நடந்தது.

அதை என்ன செய்வது என்று அவள் முதலில் என்னைத்தான் கேட்டாள். ஆடு ஆடுதான், விற்கலாம், தின்னலாம் என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அது. அவள் தலையை ஆட்டினாள்.

"வித்தா வாங்குனவன் வெட்டுவான். தின்னா நானே வெட்டுன மாதிரி. அது எம்பிள்ள உசுருக்கு வச்ச உசுரு தாயி."

சில நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்து வந்தாள். "சாமிக்கும் குடுக்கல, சட்டிக்கும் குடுக்கல. அது பாட்டுக்கு இருந்து சாகட்டும்" என்றாள். கோயில் பூசாரியிடம் போய் இதையே சொன்னாளாம். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, சரி ஆத்தா, கருப்பனுக்கு ஒன்றும் அவசரம் இல்லை என்றாராம்.

இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நேர்ந்ததைக் கொடுக்காதவள் என்று ஊர் பேசும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் தன் நெஞ்சே தன்னைக் குத்தும் என்றும் தெரியும். தெரிந்தும் வெட்டவில்லை. எங்கள் சபையில் கிறிஸ்துவுக்காக அத்தனை பயத்தைத் தாண்டியவர்கள் வேறு யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நாங்களெல்லாம் பிறந்ததிலிருந்து வேதக்காரர்கள். நாங்கள் தாண்ட வேண்டிய வாய்க்கால் எதுவும் இருந்ததில்லை.

எங்கள் வீட்டுப் பொங்கல்

இங்கே ஒரு பழைய சங்கதி. என் அப்பா ஜெயமங்கலத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பக்கத்து வீட்டுக்காரர்கள் விவசாயிகள், சைவர்கள். ஒவ்வொரு தையிலும் சூரியனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலை ஒரு வெண்கலச் சட்டி நிறைய அனுப்புவார்கள். அம்மா ஜெபம் செய்வாள், நாங்கள் சாப்பிடுவோம். நெய் முழங்கை வரை வழியும். யாருக்கும் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

ஒரு வருஷம், புதிதாக மனந்திரும்பிய இளைஞர் ஒருவர் எங்கள் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூட வேலை பழகினார். படையல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் வெளிறிவிடும். தை பிறப்பதற்கு முன்பே அம்மா வேலியோரம் போய், "அக்கா, இந்த வருசம் மட்டும் பொங்கல் அனுப்பாதீக. வீட்ல ஒரு புள்ள இருக்கு, அதுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டு அத்தைக்குக் கோபம் வருமென்று நான் நினைத்தேன். அந்த அம்மாள் சிரித்தாள். பண்டிகை அன்றைக்கு அரிசி ஒரு சுளகில், வெல்லம் ஒரு சுளகில், நெய் ஒரு கிண்ணத்தில் என்று தனித்தனியாகக் கொடுத்தனுப்பினாள். அம்மா அதை எங்கள் அடுப்பில் பொங்கினாள். அந்த இளைஞர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. அதற்கு ஆன நேரம் வேலி வரை போய் வரும் நேரம்தான். அவ்வளவு எளிதான காரியம் இது. அதனால்தான் அசனத்தில் நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

உபதேசியாரின் பக்கம்

அவர் கெட்டவர் அல்லர். அதையும் எழுதிவிடுகிறேன். அந்த அசனத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உட்கார்கிறார்களே, அது அவர் சண்டை போட்டுக் கொண்டுவந்தது. அதற்காக அடி வாங்கியிருக்கிறார். பேதி வந்த வீடுகளுக்குள் அவர் நுழைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கிடாவை அவரால் சகிக்க முடியவில்லை. கீறின காதோடு அது ஜெபவீட்டு வாசலில் வந்து நின்று வேப்பங்கொழுந்தைத் தின்னும். அவர் உள்ளே பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். உங்கள் ஆட்களுக்கே கருப்பன் ஆட்டைத் தொட நடுக்கம் என்று சாவடியில் கேலி பேசினார்களாம். அசனத்துக்கு அதைக் கொடு என்று வெள்ளையம்மாளைக் கேட்டார். மாட்டேன் என்றாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் மாட்டேன் என்றாள். அதன் பிறகு விசுவாசியின் சுதந்திரம் என்ற தலைப்பில் அடுத்தடுத்துப் பிரசங்கம் செய்தார். விக்கிரகம் ஒன்றுமில்லை, அதற்குப் படைத்ததும் ஒன்றுமில்லை, பயப்படுகிறவன் இன்னும் அடிமை என்றார். எல்லாம் சரியான பேச்சு. பேசும்போது பெண்கள் பக்கம் ஓர் ஆளையே பார்த்துப் பேசினார்.

பண்டிகைக்கு முந்தின நாள் அவள் கம்பு அறுக்கப் போயிருந்தாள். கடமலைக்குண்டுச் சந்தையில் பிடித்து வந்த ஆடுகள் பந்தலுக்குப் பின்னால் கட்டியே கிடந்தன. போதுமான கறி அவற்றிலேயே இருந்தது. அப்படியிருந்தும் அந்தக் கிடாவைத் தேடிப் பிடித்து அறுத்தார்கள். இது அவருக்கும் கமிட்டியாருக்கும் சமைத்தவர்களுக்கும் மட்டும் தெரியும். நானும் அந்தக் குழம்பைத் தின்றேன். ருசியாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

மருந்துக்கு வராத பிள்ளை

மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம். பேச்சி தினமும் மருந்து குடிக்க வேண்டிய காலம். அசனத்துக்கு மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க நான் வாசலைப் பார்த்தபடியே மருந்து கலந்தேன். பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

பிள்ளை கம்பளிக்குள் சுருண்டு ஆடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கருப்பன் கோயில் விபூதி. கண் வெள்ளையில் மஞ்சள் படர்ந்திருந்தது. விலாவைத் தொட்டுப் பார்த்தேன், கட்டி மீண்டும் பெருத்திருந்தது. இன்னும் சில நாள் இப்படியே போனால் என்ன ஆகும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். குளிர், கொதிப்பு, பிதற்றல், கடைசியில் விழிப்பில்லாத தூக்கம். மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தவர்களில் அதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் முழுக்கக் கருப்பன் அடித்துவிட்டான் என்று பேச்சு. மருந்து நின்றதால் காய்ச்சல் திரும்பியது. காய்ச்சல் திரும்பியதால் கருப்பன் உயிரோடு எழுந்துவிட்டான். கருப்பன் இல்லை என்று நிரூபிக்கப் போனவர் ஊரெல்லாம் அவனை நிறுத்திவிட்டார்.

நான் புட்டியை எடுத்ததும் வெள்ளையம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"அத அங்கனயே வைங்க தாயி. இங்கன கொண்டாராதீக."

கருப்பனுக்குப் பயந்தா என்று கேட்டேன். அந்தப் பயமென்றால் என்னிடம் பதில் இருந்தது. படித்த பதில்கள் நிறைய இருந்தன.

"கருப்பன் கெடக்கான். உங்க கையால எது வந்தாலும் எனக்கு வயிறு பொரட்டுது. அதுக்குள்ள என்ன இருக்கோ, யாரு கண்டா?"

"மருந்துதான். நீங்க பாத்த மருந்துதான்."

"அன்னைக்கும் கறின்னுதான் சொன்னாக."

மதுரையில் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்று. மருந்து கொடுக்குமுன் மூன்றைப் பார்: என்ன மருந்து, எவ்வளவு, யாருக்கு. அதோடு, என்ன என்று சொல்லாமல் ஒருவர் வாயில் எதையும் ஊற்றாதே. புட்டிக்கு மேல் ஒட்டின சீட்டை ஒருமுறை பொய்யாக்கிவிட்டால் அந்த அலமாரி முழுவதும் பொய்யாகிவிடும். எங்கள் சபை அவளுக்கு அப்படி ஆகியிருந்தது.

என்ன செய்தால் மருந்து கொடுக்க விடுவாள் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"அவுக வரணும். அத்தன பேரு முன்னால சிரிச்சாகள்ல, அத்தன பேரு முன்னால செஞ்சது தப்புன்னு சொல்லணும். கருப்பங்கிட்ட வேணாம். எங்கிட்ட."

பூசாரியின் கேள்வி

திரும்பும் வழியில் புளியமரத்தடியில் கருப்பன் கோயில் பூசாரி கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏத்தா மருந்தம்மா" என்று நிறுத்தினார். என்ன மருந்து கொடுத்தாலும் கொடு, பிள்ளையைப் பிழைக்க வை, விபூதி பூசினதற்காக நீ கோபித்துக்கொள்ளாதே என்றார். நான் கோபிக்கவில்லை என்றேன். என் கோபம் முழுவதும் வேறு திசையில் இருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் வெளங்கல" என்றார் அவர். "உங்க உபதேசியாருக்குத்தான் கருப்பனே இல்லையே. பெறகு என்னத்துக்கு ஊரெல்லாம் தேடி கருப்பன் கிடாயவே பிடிச்சு அறுத்தாக? அம்புட்டு பக்தி எனக்கே கெடையாது."

சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன்.

அளவு

அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பிள்ளையின் நிலையைச் சொன்னேன். முகம் மாறிற்று. உடனே ஜெபம் செய்வோம் என்றார். ஜெபம் நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் ஒரு வாசல் வரை வர வேண்டும் என்றேன். வெள்ளையம்மாள் கேட்டதைச் சொன்னேன்.

கோடாலியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தான் போய்த் தப்பு என்று சொன்னால், கருப்பன் கிடாவைத் தொட்டது தப்பு என்றுதான் ஊர் கேட்கும். இத்தனை வருஷ ஊழியமும் போய்விடும். அவளுடைய பயத்துக்குத் தானே முத்திரை குத்தினதாகும் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அது வெறும் ஆடுதானேம்மா. படிச்ச பிள்ளை, உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் அய்யா. அவுகளுக்குத் தெரியாதே."

"அதத்தான் தெரிய வச்சேன்."

"ஒரே மருந்தத்தான் நான் எல்லாருக்கும் குடுக்கிறேன். ஒரே அளவு குடுக்கிறதில்ல. உங்களுக்குக் குடுக்கிற அளவ அந்தப் பிள்ளைக்குக் குடுத்தா செத்துப் போகும்."

"கொயினா வேற, சத்தியம் வேற."

"பேச்சி சாகப் போறா. அது எதுல சேரும்?"

அவர் கோடாலியை மறுபடி எடுத்தார். பிளந்த விறகு இரண்டு பக்கமும் விழுந்தது. உள்ளே அவர் மனைவி அடுப்படியில் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கறியைச் சமைத்தது அவள்தான்.

நான் தெருவில் இறங்கி நடந்தேன். சரியானதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு வரும் அந்த மரத்த முகம் இருக்கிறதே, அதைவிட ஒரு குடிகாரனின் முகத்தைப் பார்ப்பது எனக்கு எளிது. அவர் சுதந்திரம் என்று சொன்னது எல்லாம் அவருக்கு மட்டும் சுதந்திரம். அவளுக்கு அதில் கிடைத்தது, தன் ஆட்டை, தன் வாயை, தன் வயிற்றைக்கூட இன்னொருவர் கேட்காமல் எடுத்துக்கொள்வது.

விண்ணப்ப வேளை

அடுத்த நாள் ஞாயிறு, ஓய்வுநாள். ஆராதனையில் விண்ணப்ப வேளை என்று ஒன்று உண்டு. ஆண்கள் எழுந்து தங்கள் விண்ணப்பங்களைச் சொல்வார்கள். பெண்கள் உபதேசியாரின் மனைவி காதில் முன்னமே சொல்லி வைக்க வேண்டும். அவள் அவரிடம் சொல்வாள், அவர் சபைக்குச் சொல்வார். அதுதான் வழக்கம்.

நான் எழுந்து நின்றேன். உபதேசியார் என்னை உட்காரச் சொல்லிக் கையசைத்தார். நான் உட்காராமல் சொன்னேன்.

"வெள்ளையம்மா ஆட்ட அவுகளக் கேக்காம அறுத்தோம். என்னன்னு சொல்லாமத் தின்ன வச்சோம். பெறகு சிரிச்சோம். இது கருப்பன் சங்கதி இல்ல, நம்ம சங்கதி. மன்னிப்புக் கேக்க அவுக வாசலுக்கு நான் இப்பப் போறேன். வாரவுக வரலாம்."

என் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாகத்தான் வந்தது. யாரோ, பொம்பளைப் பிள்ளை சபையில் பேசுகிறதா என்று முணுமுணுத்தார். நான் செருப்பைத் தேடவில்லை. வெளியே தூறல். சேறு விரல்களுக்கிடையில் பிதுங்கியது.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பந்தியில் எலும்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்த இரண்டு பேர், சில பெண்கள். எல்லாருக்கும் கடைசியில், முந்தானையைத் தலையில் போட்டபடி, உபதேசியாரின் மனைவி.

வெள்ளையம்மாள் வெளியே வரவில்லை. வாசலிலேயே நின்று, உள்ளே இருட்டைப் பார்த்து, நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மற்றவர்களும் சொன்னார்கள். உபதேசியாரின் மனைவி நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேதக்காரி செய்யக்கூடாத காரியம் அது. அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. "அவுக வரலையா?"

"வரல" என்றேன்.

உள்ளே பேச்சி அனத்துவது கேட்டது.

"நாளைக்கு வாரேன். தண்ணி நாந்தான் கொண்டாருவேன்" என்றாள்.

சொந்தத் தண்ணீர்

விடிந்ததும் வந்தாள். பேச்சியை இடுப்பில் தூக்கியிருந்தாள். தூக்குகிற வயது தாண்டிய பிள்ளை. மறு கையில் ஒரு மண் கலயம், கழுவின கிண்ணம். மருந்துச்சாலைக்குள் வரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்தாள்.

நான் தராசையும் புட்டிகளையும் வெளியே கொண்டுவந்து அவள் முன்னால் தரையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சொன்னேன். இது கொயினா, கசப்பு இதனால்தான். இது அதைக் கரைக்கிற புளிப்பு நீர். இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு துளி இல்லை. அவள் கலயத்துத் தண்ணீரை விட்டுக் கலந்தேன். முதலில் நான் ஒரு வாய் குடித்துக் காட்டினேன். முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. பேச்சிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் குடித்தாள்.

பிள்ளை பிழைத்தாள். மழை ஓயும்வரை தினமும் அந்தப் படியில்தான் மருந்து, அந்தக் கலயத்துத் தண்ணீரில்தான்.

எனக்கு வந்து சேர்ந்தது வேறு. சபையில் ஒழுங்கு மீறினேன், ஊழியக்காரரை அவமதித்தேன், விக்கிரக பயத்துக்கு இடம் கொடுத்தேன் என்று மிஷன் பங்களாவுக்குப் புகார் போயிற்று. அங்கிருந்த வெள்ளைக்கார மிஷன் அம்மாள் என்னைக் கூப்பிட்டு விசாரித்து, இனிமேல் அப்படிப் பேசாதே என்றார்கள். ஆட்டை அறுத்ததைப் பற்றி ஒருவரும் யாரையும் விசாரிக்கவில்லை. உபதேசியாரை அடுத்த சபைக்கும் சேர்த்து மேற்பார்வையாளராக்கினார்கள்.

அடுத்த வருஷப் பந்தி

மறு வருஷ அசனத்துக்கு வெள்ளையம்மாள் வருவாளென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். பேச்சியோடு பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இலை போட வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து மூடின சட்டி ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். பந்தியில் இருப்பேன், உங்கள் சோறு வேண்டாம் என்பது அதன் அர்த்தம். நான் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கறி வாளியை உபதேசியாரே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் சந்தையில் வாங்கின ஆடுகள் என்று அன்றைக்கு உரக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் எதிரே வந்ததும் அவளைத் தாண்டிவிட்டு என் இலையில் கரண்டியைச் சாய்த்தார். நான் இலைமேல் கையை வைத்தேன்.

"நீங்க சாப்பிடலாமேம்மா? வெறும் ஆடுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார்.

"தெரியும் அய்யா. அதனாலதான் வேணாங்கிறேன்."

அவர் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அடுத்த இலைக்குப் போனார். செய்தது தப்பு என்று வெள்ளையம்மாளிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருஷத் தாமதம்தான் ஆகியிருக்கும். இன்றைக்குச் சில வருஷங்கள் ஆகின்றன, இன்னும் சொல்லவில்லை. மற்ற ஊர்க் கூட்டங்களில் அந்தக் கிடாவின் கதையைச் சாட்சியாகச் சொல்கிறார் என்று கேள்வி. பந்தி சிரித்ததோடு கதையை முடித்துவிடுகிறாராம்.

கறி வாசனை நன்றாகவே இருந்தது. எனக்குக் கறி ரொம்பப் பிடிக்கும். வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளையம்மாள் என் இலையைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன தாயி, தின்ன வேண்டியதுதான" என்றாள். அவள் தன் சட்டியைத் திறந்தாள். உள்ளே கம்பஞ்சோறு, அதன் மேல் கறுப்பாக ஏதோ ஒரு தொடுகறி. கைநிறைய அள்ளி என் இலையில் வைத்தாள்.

அது என்ன, யார் கொடுத்தது, எங்கே வைத்துப் படைத்தது என்று நான் கேட்கவில்லை. பிசைந்து சாப்பிட்டேன்.